பாம்பு காவல் காத்த மிளகு

(தோட்ட வாசிகசாலையில் நடந்த மாதாந்தக் கூட்டத்தில், சங்கத்தின் அமைப்பாளரும் தோட்டப் பாடசாலை ஆசிரியையுமான தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் விறகு பொறுக்கவும் கிடைக்கிற ஒரே நாளில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன தவணையில் தரம் 8 பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தேன். மிளகு, கறுவா, ஏலம், கராம்பு இவற்றைத் தேடித்தான் ஐரோப்பியர் இந்தப் பக்கம் கப்பலோட்டி வந்தார்கள் என்று சொன்னேன். ஒரு பையன் எழும்பி நின்றான். "டீச்சர், எங்க லயத்துக்குப் பின்னால பலாமரத்துல மிளகுக் கொடி ஏறிக் கெடக்கு. அதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தாங்க?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. பரீட்சைக்கு எழுத வேண்டிய விடையை நான் சொல்லிவிட்டேன். ஆனால் அவன் கேட்டது நல்ல கேள்வி, நான் சொன்னது அரைகுறைப் பதில். மீதிப் பதிலைத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் சொல்லப் போகிறேன்.

முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. மிளகு எப்படிக் கறுப்பாகிறது? இங்கே இருக்கிற யாரும் சொல்லிவிடுவீர்கள். பச்சையாகப் பறித்து, காம்பிலிருந்து மணியை உருவி, சாக்கிலோ பாயிலோ பரப்பி, மூன்று நான்கு நாள் நல்ல வெயிலில் போட்டால் தோல் சுருங்கிக் கறுத்துவிடும். சிலர் முதலில் சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுப்பார்கள். பழுத்த மணியை ஊறவைத்துத் தோலைக் கசக்கி எடுத்தால் வெள்ளை மிளகு. மழை வந்தால் சாக்கோடு தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இவ்வளவுதான்.

இந்தச் சின்ன விஷயம் ஐரோப்பாவின் பெரிய படிப்பாளிகளுக்குப் பல நூறு வருடம் தெரியாமல் இருந்தது. ஸ்பெயின் நாட்டின் செவில் நகரத்தில் இசிதோர் என்று ஒரு ஆயர் இருந்தார். 636ஆம் ஆண்டு இறந்தார். உலகத்தில் உள்ள எல்லா அறிவையும் ஒரே நூலில் தொகுக்க முயன்றவர். அவர் மிளகைப் பற்றி எழுதியது இது: இந்தியாவில் மிளகு மரக்காடுகள் இருக்கின்றன. அந்தக் காடுகளைப் பாம்புகள் காவல் காக்கின்றன. மிளகு பழுத்ததும் அங்குள்ள மக்கள் காட்டுக்குத் தீ வைப்பார்கள். பாம்புகள் ஓடிவிடும். அந்தத் தீயில் கருகுவதால்தான் வெள்ளையாக இருந்த மிளகு கறுப்பாகிறது, தோல் சுருங்குகிறது.

இதைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். அங்கே அது பாடமாக இருந்தது. இசிதோரின் நூலை மடங்களில் கையால் பிரதி எடுத்துப் படித்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் பர்த்தலோமியு என்ற ஆங்கிலேயத் துறவி தன் கலைக்களஞ்சியத்தில் அதே கதையைத் திரும்ப எழுதினார். 14ஆம் நூற்றாண்டில் சேர் ஜோன் மாண்டவில் என்ற பெயரில் ஒரு பயண நூல் வந்தது. அதில் இந்தக் கதைக்கு ஒரு திருத்தம் இருக்கிறது: "தீ வைத்தால் மிளகும் எரிந்துபோகுமே, அதனால் அது பொய்." புத்திசாலி என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அடுத்த வரியிலேயே, ஒருவகைச் சாற்றைக் கை கால்களில் பூசிக்கொண்டு போனால் பாம்பு அண்டாது, அப்படித்தான் பறிக்கிறார்கள் என்று இன்னொரு கதையைச் சொல்லிவிடுகிறார். பாம்பை மட்டும் விடவில்லை.

மிளகுக்கு மட்டும் இப்படிக் கதை இருக்கவில்லை. கறுவாவுக்கு இதைவிடப் பழைய கதை உண்டு. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், கிறிஸ்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டில் எழுதியவர். பெரிய பறவைகள் கறுவாக் குச்சிகளைக் கொண்டுபோய், மனிதர் ஏற முடியாத செங்குத்துப் பாறைகளில் கூடு கட்டும் என்கிறார். அரேபியர்கள் மாட்டிறைச்சியைப் பெரிய துண்டுகளாக வெட்டிக் கீழே வைப்பார்களாம். பறவை அதைத் தூக்கிக்கொண்டு கூட்டுக்குப் போகும். பாரம் தாங்காமல் கூடு உடைந்து விழும். கீழே கிடக்கும் கறுவாவைப் பொறுக்கிக்கொள்வார்களாம். பிரான்சில் ஜுவான்வில் என்ற பிரபு 1309இல் முடித்த நூலில், எகிப்தின் நைல் நதியில் மாலையில் வலை போட்டால் காலையில் இஞ்சியும் கறுவாவும் அகப்படும் என்று எழுதினார். அவை பூலோக சொர்க்கத்து மரங்களிலிருந்து காற்றில் விழுந்து மிதந்து வருகின்றனவாம்.

இந்தக் கதைகளில் ஒரு ஒற்றுமை இருப்பதைக் கவனியுங்கள். பாம்பு வருகிறது, பறவை வருகிறது, காற்று வருகிறது, சொர்க்கம்கூட வருகிறது. கொடியை நட்டவர் வரவில்லை. ஏணியில் ஏறிப் பறித்தவர் வரவில்லை. பாய் விரித்துக் காயப்போட்ட பெண் எங்கேயும் இல்லை. பாம்புக் கதையில் மட்டும் "அங்குள்ள மக்கள்" வருகிறார்கள், அதுவும் தீ வைப்பதற்கு.

கதையால் யாருக்கு இலாபம் என்பதை ஒருவர் அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். ரோமாபுரியைச் சேர்ந்த பிளினி. 79ஆம் ஆண்டு இறந்தவர். கறுவாக் கதைகளைக் குறிப்பிட்டுவிட்டு, இவை சரக்கின் விலையை ஏற்றுவதற்காகக் கட்டிய கதைகள் என்று நேரடியாகவே எழுதினார். இந்தியா ஆண்டுதோறும் ரோமப் பேரரசிலிருந்து 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை இழுத்துக்கொள்கிறது, அங்கிருந்து வரும் சரக்கு இங்கே நூறு மடங்கு விலைக்கு விற்கிறது என்றும் அவரே கணக்குச் சொல்கிறார்.

நூறு மடங்கு. அந்த நூறில் பறித்தவருக்கு எத்தனை?

மிளகு போன வழியைப் பார்த்தால் விலை ஏறியது எப்படி என்று விளங்கும். மிளகுக்குத் தாய்மண் மேற்குத் தொடர்ச்சி மலை, இன்றைய கேரளப் பக்கம். சங்க காலத்தில் அது சேர நாடு. மிளகைக் 'கறி' என்றார்கள். யவனர் பொன் கொண்டுவந்து முசிறியில் மிளகு ஏற்றிப் போனதை அகநானூறு சொல்கிறது. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கடன் பத்திரம் எகிப்தில் கிடைத்திருக்கிறது. முசிறி வணிகத்துக்காக எழுதியது. சரக்கு ரோமப் பேரரசின் எல்லைக்குள் நுழையும்போது அரசு எடுத்த வரி நான்கில் ஒரு பங்கு.

நடுக்காலத்தில் அந்த வழி இன்னும் நீண்டது. தோட்டத்திலிருந்து உள்ளூர் வியாபாரிக்கு. அவரிடமிருந்து கொல்லம், கோழிக்கோடு துறைமுகங்களுக்கு. அங்கிருந்து ஏடன். ஏடனிலிருந்து செங்கடல் வழியாக எகிப்து. கெய்ரோவிலிருந்து அலெக்சாந்திரியா. அங்கே வெனிஸ் நகரத்துக் கப்பல்கள் காத்திருக்கும். வெனிசில் ஜெர்மன் வியாபாரிகளுக்கென்றே ஒரு பெரிய கட்டடம் இருந்தது. அவர்கள் வாங்கி அல்ப்ஸ் மலையைத் தாண்டி வடக்கே கொண்டுபோனார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு வரி, ஒரு தரகு, ஒரு இலாபம். 1420களில் எகிப்து சுல்தான் பார்ஸ்பாய் மிளகு வியாபாரத்தையே தன் ஏகபோகமாக்கினார்.

வழியில் இருந்தவர்களுக்கு மிளகு பணமாகவே இருந்தது. 408இல் அலாரிக் என்ற தலைவன் ரோம் நகரத்தை முற்றுகையிட்டபோது, விலகிப் போவதற்குக் கேட்ட பொருட்களில் 3,000 இறாத்தல் மிளகும் ஒன்று. இங்கிலாந்தில் காணிக் குத்தகையை மிளகாகக் கட்டிய வழக்கம் இருந்தது. இலண்டனில் மிளகு வியாபாரிகளுக்கு 1180இலேயே ஒரு சங்கம் இருந்ததற்குப் பதிவு உண்டு. ஆமாம் தோழர்களே, விற்றவர்களுக்கு அப்போதே சங்கம் இருந்தது. ஜெர்மன் மொழியில் பணக்கார வியாபாரியைக் கேலி செய்ய 'மிளகு மூட்டை' என்பார்கள்.

இந்த நீண்ட வழியின் கடைசியில் நின்று, ஒரு பிடி மிளகுக்கு ஏன் இவ்வளவு விலை என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வது? ஏடனில் இவ்வளவு வரி, கெய்ரோவில் இவ்வளவு தரகு, வெனிசில் இவ்வளவு இலாபம் என்றா சொல்ல முடியும்? பாம்பு இருக்கிறது ஐயா, உயிரைக் கொடுத்துப் பறிக்கிறார்கள் என்றால் கேட்டவர் வாயை மூடிக்கொள்வார். கதையை முதலில் கட்டியவர் யார் என்பது வேறு. அது யாருக்கு உதவியது என்பது தெளிவு.

உண்மையைச் சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களை நாம் மறக்கக் கூடாது. இருவரை மட்டும் சொல்கிறேன்.

ஒருவர் மொரோக்கோ நாட்டு இபுன் பதூதா. 1340களில் மலபார்க் கரையில் இருந்தார். மிளகு திராட்சைக் கொடி மாதிரி, தென்னை மரங்களுக்குப் பக்கத்தில் நட்டு ஏற்றிவிடுகிறார்கள், பறித்துப் பாயில் பரப்பி வெயிலில் காயவைக்கிறார்கள், எங்கள் நாட்டு மக்கள் இதைத் தீயில் வறுப்பதாக நினைக்கிறார்கள், அது தவறு, வெயிலால்தான் சுருங்குகிறது என்று எழுதினார். எங்கள் ஊரில் தினை அளப்பதுபோல் இங்கே மிளகை மரக்காலில் அளக்கிறார்கள் என்று ஆச்சரியப்பட்டார். அதே மனிதர் 1344இல் இலங்கைக்கும் வந்தார். புத்தளம் கரையில் ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார். பறவைக் கூட்டை அவர் காணவில்லை.

மற்றவர் இத்தாலியத் துறவி மரிஞோல்லி. 1348 அளவில் கொல்லத்தில் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியவர். மிளகு காட்டில் விளைவதில்லை, ஒழுங்காக நட்ட தோட்டங்களில் விளைகிறது, அதைத் தீயில் வாட்டுவதும் இல்லை, நூலாசிரியர்கள் எழுதியது பொய், நான் கண்ணால் கண்டு கையால் தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்று எழுதினார்.

இந்த இருவரும் செய்தது மிகச் சாதாரணமான வேலை. மிளகு காய்கிற முற்றத்துக்கே போய் நின்று பார்த்தார்கள். ஆனால் ஐரோப்பாவில் மரிஞோல்லியை அதிகம் பேர் படிக்கவில்லை. மாண்டவில்லைத்தான் மொழிக்கு மொழி பெயர்த்துப் படித்தார்கள். பாம்புக் கதை உண்மையைவிட வேகமாகப் பரவியது.

இதெல்லாம் பழைய காலத்து அறியாமை என்று நினைக்க வேண்டாம். நம் காலத்திலும் ஒரு கட்டுக்கதை ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய ஐரோப்பியர் கெட்டுப்போன இறைச்சியின் நாற்றத்தை மறைக்கத்தான் மிளகு போட்டார்கள் என்பார்கள். நானே வகுப்பில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். யோசித்துப் பாருங்கள். இறைச்சி உள்ளூரில் கிடைப்பது. மிளகு உலகத்தின் மறுபக்கத்திலிருந்து வருவது. இவ்வளவு செலவழித்து மிளகு வாங்கக்கூடியவர் நாறிப்போன இறைச்சியை ஏன் சாப்பிட வேண்டும்? இறைச்சி கெடாமலிருக்க அவர்களிடம் உப்பு இருந்தது, புகைபோடத் தெரிந்தது. கெட்ட இறைச்சி விற்றவரைத் தண்டிக்க நகரங்களில் சட்டமும் இருந்தது. ருசிக்கும் மருந்துக்கும் அந்தஸ்துக்கும்தான் அவர்கள் மிளகு போட்டார்கள். மிளகு உஷ்ணம், உடம்புக் குளிர்ச்சியைப் போக்கும் என்று அவர்களுடைய வைத்தியர்களும் நம்பினார்கள். நம் பாட்டி சளிக்கு மிளகு கசாயம் வைத்த அதே காரணம்தான்.

சரி, கடைசியில் அவர்கள் நேராக வந்து பார்த்துவிட்டார்கள் அல்லவா? 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தார்கள். பாம்பும் இல்லை, தீயும் இல்லை, வேலை செய்கிற மனிதர்கள்தான் இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகாவது பறித்தவருக்கு நல்ல விலை கிடைத்ததா?

கிடைக்கவில்லை. இடையில் நின்ற பழைய ஆட்களை விலக்கிவிட்டு அந்த இடத்தில் துப்பாக்கியோடு இவர்கள் நின்றார்கள். 1621இல் ஒல்லாந்தக் கம்பனியின் படை, சாதிக்காய் விளைந்த பண்டா தீவுகளைப் பிடித்தது. அங்கே வாழ்ந்த சுமார் 15,000 பேரில் ஆயிரம் பேரளவே மிஞ்சினார்கள் என்று வரலாற்றாளர்கள் மதிப்பிடுகிறார்கள். மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் செத்தார்கள், அடிமையாக ஏற்றப்பட்டார்கள், தப்பி ஓடினார்கள். பிறகு தீவைத் துண்டுபோட்டுத் தோட்டங்களாக்கி, வெளியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். சொந்த மண்ணின் ஆட்களை அகற்று, வேறிடத்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்று, ஒரே பயிரை நடு. இந்த முறை நமக்குப் பழக்கமானது.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். 2023இல் நம் மக்கள் இந்த மண்ணுக்கு வந்த 200 வருடத்தை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். நம் மூதாதையரை அழைத்துவர ஆள்கட்டிகள் என்ன சொன்னார்கள் என்பது இங்குள்ள பாட்டிமாருக்கு நன்றாகத் தெரியும். கண்டிச்சீமையில் தேயிலைத் தூரைக் கிண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்றார்கள்.

ஐரோப்பாவில் வாங்குகிறவனிடம் பாம்பு இருக்கிறது என்று சொன்ன கதை விலையை ஏற்றியது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் வேலைக்கு ஆள் பிடிக்கத் தேங்காய் இருக்கிறது என்று சொன்ன கதை கூலியைக் குறைத்தது. விற்கும்போது ஆபத்தைக் காட்டு, ஆள் எடுக்கும்போது ஆபத்தை மறை. இரண்டும் ஒரே தொழில்தான்.

நம் மலையில் ஆபத்து இல்லையா? பாம்பு இருக்கிறது, அட்டை இருக்கிறது, வழுக்கும் படி இருக்கிறது. குளவி இருக்கிறது. குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அனுபவம் இங்கே எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கையைத் தூக்கச் சொன்னால் பாதிக் கைகள் எழும்பும். உயிரைக் கொடுத்தவர்களும் நம்மில் இருக்கிறார்கள். இல்லாத பாம்புப்படை மிளகின் விலையை ஏற்றியது. உண்மையான குளவி ஒரு கிலோ கொழுந்துக்கு ஒரு சதம் ஏற்றவில்லை. கடையில் விற்கிற தேயிலைப் பெட்டியைப் பாருங்கள். பச்சை மலை, வெள்ளை மேகம், சிரித்துக்கொண்டு நிற்கிற பெண். படங்குச் சாக்கும் இல்லை, மழையும் இல்லை.

நம்மிடம் சொல்கிற கதை வேறு. 1,000 ரூபாய் நாள் சம்பளத்துக்காக எத்தனை வருடம் தெருவில் நின்றோம்? 2021இல்தான் கிடைத்தது. அத்தனை வருடமும் கேட்ட பதில் ஒன்றுதான்: உலகச் சந்தை விழுந்துவிட்டது, செலவு கூடிவிட்டது, கட்டுப்படியாகாது. சந்தை சில நேரம் விழுவது உண்மைதான். நான் மறுக்கவில்லை. ஆனால் கண்ணால் காணாத உலகச் சந்தையை நம் முன்னால் படம் எடுத்து நிற்கவைத்தால், அதுவும் ஒரு பாம்புதானே? உண்மையா பொய்யா என்று போய்ப் பார்க்க வேண்டியது நம் வேலை.

பார்க்க முடியும். கொழும்பில் தேயிலை ஏலம் 1883இலிருந்து நடக்கிறது. ஏல விலைகள் வாரந்தோறும் வெளிவருகின்றன. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பது ஸ்டோரில் வேலை செய்கிற எந்த அண்ணனுக்கும் தெரியும். நீங்கள் பறித்த கிலோ உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைகள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள்.

அதனால் மூன்று வேலைகளை உங்களிடம் விட்டுப் போகிறேன்.

ஒன்று, ஒவ்வொரு நாளும் மடுவத்தில் நிறுத்த எடையை ஒரு கொப்பியில் எழுதுங்கள். கூடைக்கு எவ்வளவு கழித்தார்கள், ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பதையும் எழுதுங்கள். எழுதத் தெரியாத அம்மாவுக்குப் பிள்ளை எழுதட்டும். சம்பள நாளில் கொப்பியையும் சம்பளத் துண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டு, இந்த வாசிகசாலைச் சுவரில் மாதத்துக்கு ஒருமுறை ஏல விலையை எழுதிப் போடுவோம். அதற்கு மூன்று இளைஞர்கள் வேண்டும். இன்றைக்கே பெயர் கொடுங்கள். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்கள் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

மூன்று, குளவி கொட்டினாலும், வழுக்கி விழுந்தாலும், அன்றே திகதியோடு எழுதி சங்கக் கிளையில் கொடுங்கள். வாயால் சொன்னது மறைந்துவிடும். இபுன் பதூதாவும் மரிஞோல்லியும் எழுதாமல் போயிருந்தால், அந்தக் காலத்தில் பாயில் மிளகு காயப்போட்டவர்களைப் பற்றி இன்று நான் உங்களுக்கு என்ன சொல்லியிருப்பேன்? ஆனால் அவர்களும் வழிப்போக்கர்கள்தான். பறித்தவரே எழுதிய ஒரு வரி நமக்குக் கிடைக்கவில்லை. நம் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் குறை வேண்டாம்.

அந்தப் பையனுக்கு அடுத்த வாரமே பதில் சொன்னேன். "ஆமாம் தம்பி, உங்க லயத்துக்குப் பின்னால கிடக்கிற அதே மிளகுக்காகத்தான் வந்தாங்க. அது எப்படிக் காய்கிறதுன்னு உனக்குத் தெரிஞ்ச அளவுக்கு அவங்க நாட்டு அறிஞருக்குத் தெரியல" என்றேன். அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ விலை மட்டும் அவங்களுக்கு எப்படி டீச்சர் தெரிஞ்சது?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்குத்தான் நமக்குச் சங்கம் இருக்கிறது.